பாண்டிச் சில்லுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

மதுரையில் கல்யாணம். பந்தி முடிந்தும் எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டைக்குத் திரும்பும் வேன் கிளம்புகிற வழியாக இல்லை. சும்மா இருப்பதற்கு, 12 கிலோமீட்டரில் இருக்கிற கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். 2023 மார்ச்சில் திறந்தது. செட்டிநாட்டு வீட்டு பாணியில் கட்டியிருக்கிறார்கள். தூண்களைப் பார்த்ததும் அத்தை, "மாப்பிள்ளை வீடு வசதிதான்" என்றார்.

உள்ளே தங்கம், பாசிமணி, எழுத்துக் கீறிய பானை ஓடு எதற்கும் அவர் நிற்கவில்லை. தரைக்குக் கீழே 353 சென்டிமீட்டரில் எடுத்த கரித்துண்டை வைத்துத்தான் பொ.ஆ.மு. ஆறாம் நூற்றாண்டு என்று கணித்தார்கள் என்றேன். "எங்க அடுப்புலயும் கரி இருக்கு" என்று நகர்ந்துவிட்டார். விளையாட்டுப் பொருள்கள் இருந்த பெட்டியின் முன்னால்தான் கால் நின்றது. தந்தத்தில் ஒரு பகடை. பக்கத்தில், பாண்டி விளையாட வட்டமாகத் தேய்த்த பானைச் சில்லுகள்.

"ஏப்பா, இதுக்கா கண்ணாடி போட்டு லைட்டும் போட்டிருக்காக? இதை வச்சிருந்ததுக்கு எங்கம்மா என்னைய வெளக்கமாத்தால அடிச்சாக!"

அப்புறம் பாடம் ஆரம்பித்தது. குடத்து ஓடு ஆகாது, வளைவில் ஆடும். பெரிய பானை ஓடுதான் தட்டையாக உட்காரும். கல் என்றால் துள்ளி உருண்டு கோட்டைத் தாண்டும். ஓடு சறுக்கிப் போய்க் கட்டத்துக்குள் நிற்கும். பள்ளிக்கூடத்தில் உராய்வு என்று அம்புக்குறி போட்டு ஒரு வாரம் நடத்தியதை அத்தை மூச்சு விடாமல் முடித்தார்.

கடைசிக் கட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நெற்றியில் சில்லு, கண் மூடி, கோடு மிதிக்காமல் நடை. கண் ஒத்தாசைக்கு இல்லாதபோது உடம்பின் சமநிலைப் பொறுப்பு உள்காதிலுள்ள அரைவட்டக் குழல்கள், மூட்டுகள், உள்ளங்கால் இவற்றின் தலையில்தான் விழுகிறது என்று விளக்கினேன். "காதுதான். கூட விளையாடுற சிறுக்கி 'ரைட்டு'னு பொய் சொன்னா, காது என்ன செய்யும்?" என்றார். அறிவியல் இந்தக் கோணத்தை இன்னும் தொடவில்லை.

பகடையைப் பார்த்ததும் தாயத்துக்குத் தாவினார். வீட்டில் நான் தாயம் போடாமலே உட்கார்ந்திருப்பது குடும்ப வேடிக்கை. கணக்கு என் பக்கம். எங்கள் பித்தளைக் கட்டைகளில் சைபர், ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் உருட்டினால் 16 வகையாக விழலாம், மொத்தம் ஒன்று, அதாவது தாயம், வருவது 2. பத்துத் தடவை உருட்டியும் தாயம் காணாதவர் நாலு பேருக்கு ஒருவர் இருக்கத்தான் செய்வார். "அந்த ஒருத்தன் எப்பவும் நீதானேடா."

வைகைக் கரை என்று எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னதும், "நம்ம ஊரு ஆறு வைகையிலதான சேருது? சில்லு அங்கிட்டிருந்துதான் அடிச்சு வந்திருக்கும்" என்றார். பெரியாற்றுத் தண்ணீர் நம் பக்கம் திரும்பியதே 1895-ல்தான் என்றேன்.

"அதுக்கு முன்னாடி சுருளியாறு என்ன, செத்தா போச்சு?"

பதில் இல்லை.

வெளியே முற்றத்துத் தளத்தில் கட்டங்களைக் கண்டவர் செருப்பைக் கழற்றினார். அறுபத்தெட்டு வயது, கல்யாணப் பட்டு. கண்ணை மூடி, தலையை அண்ணாந்து, "ரைட்டா?" என்றார். சுற்றுலா வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் மொத்தமும் "ரைட்டு!" என்றது. இன்னொரு எட்டு. "ரைட்டா?"

காவலுக்கு நின்ற அண்ணன் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இல்லம்மா. கோட்டை மிதிச்சிட்டீங்க, அவுட்டு."

"எந்தக் கால்?" என்று அத்தை சண்டைக்குப் போனார்.