காற்று விடை கொடுக்கட்டும்

கேள்வி: துறைமுகத்தில் 1-ஆம் எண் கூண்டு ஏற்றியதாகப் பத்திரிகையில் படித்ததும் எங்கள் மானேஜர் ஊர்ப் பிரயாணத்தை ரத்துச் செய்துவிட்டார். அவ்வளவு அபாயமா?

பதில்: அபாயம் உங்கள் அலுவலகத்துக்குத்தான். முதலாம் எண்ணுக்கு, வெகு தூரத்தில் கடலில் புயலின் அறிகுறி தோன்றியிருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்குப் பாதகமில்லை என்பதே அர்த்தம். 10 ஏறினால்தான் கடும்புயல் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்கப்போகிறதென்று பொருள். பகலில் கூம்பும் உருளையுமாகவும், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளாகவும் கம்பத்தில் ஏறும் இவற்றுள் என் பெருமதிப்புக்குரியது 11-ஆம் எண்: வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துபோயிற்று என்று அறிவிப்பது அது. தெரியவில்லை என்பதைக் கம்பத்தில் ஏற்றிக் காட்டும் நேர்மை, கேள்விக்குப் பதில் எழுதுவோருக்கு வாய்த்ததில்லை.

கேள்வி: புயல் வந்தால் பெரிய கப்பல்களைத் துறைமுகத்தைவிட்டு வெளியே அனுப்புகிறார்களாமே? மழைக்கு வீட்டைவிட்டு ஓடுவாருண்டா?

பதில்: வீட்டுச் சுவர் ஓயாமல் நம்மை இடித்துக்கொண்டிருந்தால் நாமும் ஓடத்தான் செய்வோம். பல்லாயிரம் டன் இரும்பை அலை தூக்கிக் கல்சுவரில் மோதினால் இரண்டும் தேறா. ஆழ்கடலிலோ விலகிக்கொள்ள இடமுண்டு. பாய்த்தோணிக்கு அந்தச் சௌகரியமில்லை. உள்ளேதான் ஒண்ட வேண்டும்.

கேள்வி: தூத்துக்குடியில் தோணி கட்டிக் கிடக்கையில் அதிலேயே குடியிருக்கும் ஆட்களுக்கு வேலை ஏது?

பதில்: கொழும்பு ஏறத்தாழ 150 கடல் மைல்தான். அந்தச் சிறு தூரத்துக்காகச் சரக்கை ஏற்றிவைத்துக்கொண்டு, வாடை தணியட்டும் என்று தோணித் தலைவரான தண்டல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஆலாத்து என்னும் கட்டுக்கயிறு தோணியின் விளிம்பில் உராயும் இடத்தில் பழஞ்சாக்கைச் சுற்றி, அது நைந்ததும் வேறு சுற்றி, கயிற்றைச் சற்றே இளக்கி உராயும் இடத்தையே மாற்றிக் கட்டுவது ஒரு வேலை. பலகை இடுக்குகளில் கசிந்து அடியில் சேரும் நீரை இறைப்பது ஒரு வேலை. பக்கத்துத் தோணி வந்து இடித்தால் அந்தத் தோணிக்காரரின் வம்சாவளியை விஸ்தாரமாக எடுத்துரைப்பது மூன்றாவது வேலை. இதற்கு மட்டும் ஆள் பஞ்சம் ஏற்பட்டதில்லை. சரக்கு வெங்காயமாக இருந்துவிட்டால், காத்திருப்பு எத்தனை நாளாயிற்றென்பதை மூக்கே சொல்லிவிடும். இரவில் உறக்கமாவது உண்டா என்றால், கயிறு முறுகும் ஓசைக்குப் பழகிப்போன காது, அந்த ஓசை நின்றதும் விழித்துக்கொள்கிறது. என் அபிப்பிராயத்தில், இவர்களுள் பெரும்பாடு சமையற்காரப் பண்டாரிக்குத்தான்: நடுக்கடலில் பசித்தவன் எதைப் போட்டாலும் உண்பான், கட்டிக் கிடக்கையிலோ ஒவ்வொருவனும் குழம்பில் உப்புப் பார்க்க வந்துவிடுகிறான்.

கேள்வி: காற்றுக்கு அஞ்சிக் காத்திருப்பது கோழைத்தனமல்லவா? வாஸ்கோ ட காமா காத்திருந்தாரா?

பதில்: காத்திருக்கவில்லை, அதனால்தான் சொல்கிறேன். 1498 ஏப்ரலில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் மாலிந்தியை விட்டவரைப் பருவக்காற்று ஒரு மாதத்துக்குள் கள்ளிக்கோட்டைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. திரும்புகையில், காற்றுத் திசைமாறி நிலைபெறும்வரை பொறுக்காமல் அக்டோபர் முதல் வாரத்தில் இந்தியக் கரையோரத்து அஞ்சதீவிலிருந்து கிளம்பியவர், அதே கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதம் அலைந்தார். ஸ்கர்வி நோயில் முப்பது பேரளவில் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் மூன்று கப்பலுக்குப் போதாமையால் சாவோ ரஃபேல் என்ற கப்பலை அவரே எரித்துவிட நேர்ந்தது. காற்றுத் திரும்பும்வரை கரையில் அமர்ந்து கணக்கெழுதிய அரபு வணிகர்கள் வீரர் பட்டியலில் இல்லைதான். ஆனால் வீடுபோய்ச் சேர்ந்தார்கள்.

கேள்வி: எப்போது புறப்படுவோம் என்று தண்டலிடம் கேட்டால் கோபிப்பாரா?

பதில்: மாட்டார். ‘நாளைக்கு’ என்பார். எந்த நாளைக்கு என்று கேட்டால்தான் கோபிப்பார்.