சிவந்த கூந்தலும் எண் 24-உம்: காதல் மங்காவில் விழுந்த ஓர் அனிமே ரசிகனைப் பற்றிய முதற்கட்ட ஆய்வு

ஆய்வின் தோற்றுவாய்

சண்டை அனிமே பார்த்து வளர்ந்த ஒருவன் காதல் மங்காவில் போய் விழுவது எப்படி? விழுந்தவர்கள் வெளியே சொல்வதில்லை என்பதால் இத்துறையில் தரவுகள் அரிது. அக்குறையை நீக்கும் பொருட்டு இக்கட்டுரையாளர் தம்மையே ஆய்வுப் பொருளாக ஒப்புக்கொடுத்துள்ளார். நெறியாளர் எவரும் இலர். அம்மா மட்டும் அவ்வப்போது அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

ஆய்வெல்லை

ஜப்பானில் பெண்பிள்ளைகளுக்கென வரும் மங்காவுக்கு ஷோஜோ என்று பெயர். அதிலும் அரண்மனை, வாள், டிராகன், மந்திரம் ஆகியன கலந்த காதல் கதைகளே இங்கு எல்லை. இவ்வகையின் மூதாதையருள் ஒன்று ஒசாமு தெசுகா 1953இல் தொடங்கிய ‘ரிபான் நோ கிஷி’. ஒரு தேவதைக் குட்டியின் விஷமத்தால் ஆண் இதயம் ஒன்று, பெண் இதயம் ஒன்று என இரண்டோடு பிறந்த இளவரசி சஃபையர், அரியணைக்காக இளவரசனாக வேடமிட்டு வாழ்கிறாள். தெசுகா வளர்ந்த தகராசுகா, பெண்களே ஆண் வேடமும் கட்டும் இசை நாடகக் குழுவுக்குப் பேர்போன ஊர். நாயகிக்கு இரண்டு இதயம் வைத்த அன்றிலிருந்துதான் இவ்வகைக் கதைகளில் துடிப்புச் சத்தம் இரட்டிப்பாயிற்று என்பது கட்டுரையாளரின் துணிபு. சான்று கேட்பது நட்புக்கு அழகல்ல.

முதன்மைச் சான்றுகள் இரண்டு: சொராட்டா அகிசுகி 2006இல் தொடங்கிய ‘அகாகாமி நோ ஷிராயுகிஹிமே’ (சிவந்த கூந்தல் ஸ்னோ ஒயிட்), மிசுஹோ குசனாகி 2009இல் தொடங்கிய ‘அகாட்சுகி நோ யோனா’. இரண்டையும் வெளியிட்டது ஹகுசென்ஷா என்னும் ஒரே பதிப்பகம்.

கருதுகோள் 1: முடி வெட்டினால் கதை வளரும்

ஷிராயுகி மூலிகை தெரிந்த பெண். ஆப்பிள் நிறத்தில் கூந்தல். அவள் நாட்டு இளவரசன் ராஜி அவளை ஆசைநாயகியாக வரச் சொல்லி ஆள் அனுப்புகிறான். அவள் கூந்தலை வெட்டி வைத்துவிட்டு நாட்டை விட்டே கிளம்பிவிடுகிறாள். பெயருக்கேற்ப விஷ ஆப்பிளும் பின்னாலேயே வருகிறது. ஆனால் அதைக் கடிப்பது அவளல்ல, பக்கத்து நாட்டு இளவரசன் ஸென்.

யோனாவின் பதினாறாம் பிறந்தநாள் இரவில், அவள் மனத்தில் வைத்திருந்த சூ-வோனே அவள் தந்தையைக் கொல்கிறான். மெய்க்காவலன் ஹாக்குடன் தப்பி ஓடுகிறாள். மலையுச்சியில் எதிரி அவள் கூந்தலைப் பற்றி இழுக்க, வாளை உருவித் தன் கூந்தலைத் தானே அறுத்துக்கொண்டு, பாறை விளிம்பில் தொங்கும் ஹாக்கை நோக்கி ஓடுகிறாள். கதையின் தொடக்கத்தில் இந்த முடி படியவே மாட்டேன் என்கிறதே என்று கண்ணாடி முன் அலுத்துக்கொண்ட அதே பெண்.

இரண்டு கதைகள், இரண்டு சிவந்த கூந்தல்கள், இரண்டு வெட்டுகள். மாதிரி அளவு போதுமானதே. இரண்டுக்கு மேல் எடுத்தால் விதிவிலக்கு வந்துவிடும் அபாயம் உண்டு.

கருதுகோள் 2: எல்லாம் 24

யோனா அனிமே (2014–15) மொத்தம் 24 எபிசோட். ஷிராயுகி 2015இல் 12, 2016இல் 12, கூட்டினால் 24. ஷிராயுகி தொடராக வந்த ‘லாலா’ மாத இதழ் கடைக்கு வரும் நாள் 24ஆம் தேதி. ஷோஜோ மங்காவின் முகத்தையே மாற்றிய மோட்டோ ஹகியோ, கெய்கோ தகேமியா முதலிய பெண் படைப்பாளிகளை ‘24ஆம் ஆண்டுக் குழு’ என்பார்கள். அவர்கள் பிறந்த காலம் ஷோவா 24ஐ, அதாவது 1949ஐ, ஒட்டியது. கட்டுரையாளர் பள்ளி நாட்களில் பார்த்த நருட்டோ இரண்டு பாகமும் சேர்த்து 720 எபிசோட். 24ஆல் வகுத்தால் மீதியின்றி 30. அதை எடுத்த ஸ்டுடியோ பியரோதான் யோனாவையும் எடுத்தது. விதி எவ்வளவு காலமாக வலை பின்னியிருக்கிறது பாருங்கள்.

மறுப்போர் ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ என்னும் இன்னொரு ஷோஜோ அனிமேயைக் காட்டுவர். அதன் 2001ஆம் ஆண்டு வடிவம் 26 எபிசோட். 26க்குள் 24 அடக்கம் என்பது விடை. 2019இல் தொடங்கிய மறுவடிவம் 63. இரண்டு 24 போக மீதி 15. மீதியைப் பற்றி வாய் திறக்காமலிருப்பது ஆய்வுலக மரபு.

மர்மத்தை அவிழ்த்தால் உள்ளே வெறும் கணக்குதான் இருக்கிறது. ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு பருவம் மூன்று மாதம், வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு சொச்சம் எபிசோட். இரண்டு பருவம் ஓடினால் இருபத்து நாலு. மங்கா விற்க அனிமே ஒரு விளம்பரம் என்பதால், கதை முடிகிறதா என்பது அங்கே யாருக்கும் கவலையில்லை. யோனா தேடிச் செல்லும் நான்கு டிராகன் வீரர்களில் நான்காமவன் கடைசி எபிசோடில்தான் வந்து சேர்கிறான். ஆள் சேர்ந்து, சாமான் ஏற்றி, எல்லோரும் உட்கார்ந்தபின் டிரைவர் இறங்கிப் போய்விட்டார். அனிமே நின்ற இடம் எட்டாவது வால்யூம். மங்காவோ நாற்பதையும் தாண்டி ஓடியது. அன்றிரவே ஒன்பதாவது வால்யூமைத் தேடிப் புறப்பட்டவர்களில் கட்டுரையாளரும் ஒருவர். ஆக, இக்காதல் பஸ் நடுவழியில் நின்றதால் வந்தது.

கண்டறிதல்கள்

மங்காவைத் தேடிப் போன இடத்தில் எதிர்பாராத ஒன்று அகப்பட்டது. அனிமேயில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் மூன்று விநாடி. வயலின் எழும், காட்சி மாறும். எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதை இயக்குநர் முடிவு செய்துவிடுகிறார். மங்காவில் ஹாக் யோனாவைப் பார்த்தால், நாம் பக்கத்தைத் திருப்பும்வரை பார்த்துக்கொண்டேயிருப்பான். பேனலின் கோடுகள் அழிந்துவிடும். சொல்லாத சொல் பேச்சுக் குமிழியை விட்டு வெளியே வந்து வெள்ளையில் மிதக்கும். கட்டுரையாளர் அத்தகைய ஒரு பக்கத்தில் பதினோரு நிமிடம் தங்கியது கடிகாரத்தால் உறுதி செய்யப்பட்டது. சண்டை அனிமேயில் பதினோரு நிமிடத்தில் ஒரு கிராமமே அழிந்திருக்கும்.

ஒலியியல் நோக்கிலும் ஒன்று கூறத்தகும். தமிழில் ‘படபட’ என்பதைப் பிரித்தால் பொருளில்லை. இரட்டைக்கிளவி பிரிந்திசைக்காது என்று தொல்காப்பியர் அன்றே முடித்துவிட்டார். ஜப்பானிய இதயமோ தனியாக ‘டோக்கி’ என்றும் துடிக்கும், சேர்ந்து ‘டோக்கி டோக்கி’ என்றும் துடிக்கும். ஒற்றை டோக்கி திடுக்கிடல், இரட்டை டோக்கி காதல். போதாக்குறைக்கு நிசப்தத்துக்கும் அங்கே ஒரு சத்தம் உண்டு. ‘ஷீன்’ என்று எழுதினால் யாரும் எதுவும் பேசவில்லை என்று பொருள். பேசாமலிருப்பதையே எழுதி அச்சிடும் நாட்டில் காதல் கதை செழிப்பதில் வியப்பில்லை.

எஞ்சுவது நிறச் சிக்கல். கூந்தல் சிவப்பென்று தலைப்பிலேயே சொல்லும் கதையின் உட்பக்கங்கள், எப்போதாவது வரும் வண்ணப் பக்கம் நீங்கலாக, கறுப்பு வெள்ளை. ஸ்கிரீன்டோன் என்னும் புள்ளித்தாளை வெட்டி ஒட்டிய சாம்பல்தான் அங்கே கூந்தல். ஆயினும் கட்டுரையாளருக்கு அது சிவப்பாகவே தெரிந்தது. முன்பே பார்த்த அனிமே அச்சிவப்பைக் கடனாகக் கொடுத்திருக்க வேண்டும்: நிறம் அனிமே தந்தது, நேரம் மங்கா தந்தது. இதுவே கருதுகோள் 3. கட்டுரையாளர் பெருமைப்பட்டது இது ஒன்றுக்குத்தான்.

வாய்மொழித் தேர்வு

நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்கு நடைபெற்றது. தேர்வாளர் அம்மா.

“என்னடா, இந்நேரத்துல பொம்மை புக்கை வச்சுக்கிட்டு மூக்கை உறிஞ்சுற?”

ஆய்வாளர் சளி என்று விடையளித்தார். அம்மா புத்தகத்தை வாங்கி இடப்பக்கமிருந்து திறந்தார். அது கடைசிப் பக்கம். வலமிருந்து தொடங்க வேண்டும் என்று விளக்கப்பட்டது. ராஜாவின் மகள், செக்கச் சிவந்த முடி, கூடவே ஒரு காவல்காரன் என்று கதைச்சுருக்கமும் தரப்பட்டது.

“சிவப்பா? சாம்பலால்ல இருக்கு. போய்ப் படு.”

கருதுகோள் 3 அவ்விடத்திலேயே நிறுவப்பட்டதாக ஆய்வாளர் மகிழ்ந்தார். அனிமே பார்க்காதவருக்குச் சிவப்பு இல்லை.

இரண்டு நாள் கழித்து, தோசைக்கல்லில் எண்ணெய் தடவியபடியே, திரும்பிப் பார்க்காமல் அம்மா கேட்டார்: “அந்தச் செவத்த முடிக்காரி என்னடா ஆனா? அந்தப் பையன் சொல்லிட்டானா இல்லையா?”

கருதுகோள் 3 திரும்பப் பெறப்படுகிறது. ஒன்பதாவது வால்யூம் தற்போது தேர்வாளர் வசம் உள்ளது.