காயவேணும் மாஸ்டர்

பென்சன் எடுத்த மாஸ்டர்மாரில் ஊருக்கு ஒருவராவது தூரிகை தூக்குவார். நீர்வண்ணம் அவருக்குச் சரிவராது. ஒரே இருப்பில் குட்டு வெளிப்பட்டுவிடும். அவர் தொடுவது எண்ணெய் வண்ணம்தான். குழாய்கள் லண்டனில் இருக்கும் மகன் அனுப்பியவை. மாதிரிக்கு ரஃபேல் 1512 அளவில் வரைந்த ‘சிஸ்டைன் மடோன்னா’. அசல் ஜெர்மனியில், டிரெஸ்டனில். மாஸ்டரிடம் இருப்பது பழைய கலண்டர்.

கலண்டரில் சின்னக் கட்டம், கன்வசில் பெரிய கட்டம் கீறுவதிலேயே ஒரு மழைக்காலம் போய்விடும். மாதாவின் மூக்கு உரிய கட்டத்துக்குள் விழுந்த அன்றிலிருந்து, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணிக்கு முதல் விரிவுரை. 1938இல் எஸ். ஆர். கனகசபை தொடங்கிய வின்சர் ஓவியக் கழகத்தில் ஆரம்பித்து, ஓவியர் மாற்குவிடம் தாமே படித்த கதையில் முடிப்பார். (மாற்குவிடம் படித்தோம் என்பவர்களை எல்லாம் கூட்டினால் முற்றவெளி போதாது.)

பிறகுதான் பச்சை. பழைய இத்தாலியர் பலர் தோலுக்கு முதலில் பச்சை மண்ணைப் பூசி, அதன்மேல்தான் ரோசா நிறத்தை ஏற்றினார்கள். ரஃபேல் இந்தப் படத்தில் அப்படிச் செய்தாரா என்று கேட்கக் கூடாது. மாஸ்டர் செய்துவிட்டார்.

பக்கத்து வீட்டு ஆச்சி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டா.

“மீனாட்சி அம்மன் நல்லாய் வந்திருக்கிறா, மாஸ்டர். ஏன், கிளிக்குப் பதிலாய்ப் பிள்ளையோ?”

மாஸ்டர் அசையவில்லை. “மைக்கேலாஞ்சலோ கீறின மான்செஸ்டர் மடோன்னாவிலை ரெண்டு சம்மனசு இண்டைக்கும் பச்சை முகத்தோடைதான் நிக்கினம், ஆச்சி. லண்டன் நாஷனல் கலரியிலை போய்ப் பாருங்கோ. அவரே முடிக்கேல்லை!”

முடிக்காததற்கு இரசாயனமும் துணை. ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து மெல்ல மெல்ல இறுகும். கீழ்ப்பூச்சு இறுகமுதல் மேலே பூசினால் பின்னாளில் வெடிக்கும். அத்தனையும் உண்மை. ஆகவே எப்போது கேட்டாலும், “காயவேணும்.” கார்த்திகையில் ஈரம், பங்குனியில் புழுதி ஒட்டுமாம்.

“இஞ்சாருங்கோ, உந்தப் பச்சை மிச்சமிருந்தால் கேற்றுக்கு எண்டாலும் அடிச்சு விடுங்கோவன்” என்றா மனிசி.

“விசர்க்கதை கதையாதையும் அப்பா. அது எனாமல் வேலை.”

கடைசியில் ஒரு பெடியன் வந்து, ஒரு காலைப்பொழுதில் கேற்றை அடித்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனான். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தார்.

“கீழ்ப்பூச்சுக் காயமுதல் அடிச்சுப்போட்டான்.”