என் மெஷின்ல ஓடுதே!

ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் தம்பியை சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் எந்த டீக்கடையிலும் பார்க்கலாம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு போன். அதில் எந்நேரமும் ஏழு சதவீதம்தான் சார்ஜ். அது செத்தால் செத்துவிட்டுப் போகட்டும். அவனுடைய நிஜமான போன்கள் லேப்டாப்புக்குள் இருக்கின்றன. ஒன்று மடக்குவது, ஒன்று டேப்லெட், ஒன்று பழைய ஆண்ட்ராய்டு எட்டோடு நிறுத்தி வைத்தது என மொத்தம் ஆறு. எமுலேட்டர் என்பார்கள்.

அந்தப் போன்களுக்கு வாய்த்த வாழ்வு நமக்கெல்லாம் வாய்க்காது. கீழே விழாது. தண்ணீரில் நனையாது. சார்ஜ் எப்போதும் 100. ஒரே குறை, இருப்பிடம். தம்பி துரைப்பாக்கத்தில் உட்கார்ந்து தட்டினாலும், தான் கலிபோர்னியாவின் மவுன்டன் வியூவில், கூகுள் தலைமையகத்தில் நிற்பதாக அது சாதிக்கும். மாற்றலாம்தான், மாற்ற மறந்துவிடுவான். அப்படித்தான் ஆட்டோ ஆப் ஒன்றைச் சோதித்தபோது வண்டி துரைப்பாக்கத்தில் நிற்க, பயணி மவுன்டன் வியூவில் நின்றார். கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்ற 2013-ஆம் ஆண்டு அரசுக் கட்டணப்படியே சவாரி ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. (உள்ளூருக்கே அந்தக் கட்டணத்தில் வண்டி வராது என்பது வேறு விஷயம்.) மேனேஜர் முறைத்தார்.

"கணக்கு கரெக்ட் சார். தூரத்தைப் பாருங்க."

எமுலேட்டரைப் போலி என்று சொல்லிவிட்டால் போச்சு, குலப்பெருமை பேச ஆரம்பித்துவிடுவான். 2007 நவம்பரில் கூகுள் ஆண்ட்ராய்டுக்கான கருவிகளை டெவலப்பர்களிடம் கொடுத்தபோது, கடையில் ஆண்ட்ராய்டு போன் என்று ஒன்றே கிடையாது. முதல் போன் விற்பனைக்கு வர 2008 அக்டோபர் ஆகிவிட்டது. அதுவரை எமுலேட்டரே துணை. "அப்போ யாருண்ணா மூத்தது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டீயை உறிஞ்சுவான்.

அவனுக்கு மூத்தவர்கள் பட்ட பாடு பெரிது. போன் சிப்புக்கான கட்டளைகளை லேப்டாப்பின் இன்டெல் சிப்புக்குப் புரியும்படி ஒவ்வொன்றாக மாற்றித்தான் அன்றைய எமுலேட்டர் ஓடியது. ஆன் செய்துவிட்டுப் போய் டீ, வடை எல்லாம் முடித்து வந்தாலும் 'ஆண்ட்ராய்டு' என்ற எழுத்து மட்டும் மினுங்கிக்கொண்டிருக்கும். பிறகு இன்டெல் சிப்பிலேயே நேராக ஓடும் ஆண்ட்ராய்டு வந்தது. அதற்கு பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்திருக்க வேண்டும். அது தெரியாத புதுப்பையன் சிக்கினால் தம்பிக்கு அன்று தீபாவளி. "எஃப்2 அழுத்து. வரலையா? டெலீட். என்னது, ஹெச்.பி.யா? எஃப்10!"

வேகம் வந்ததே தவிர, சத்தம் போகவில்லை. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, குரோம், இரண்டு எமுலேட்டர் என்று திறந்தால் லேப்டாப் விசிறி அலறும். "நடுராத்திரில என்னடா மிக்ஸி?" என்று அம்மா பக்கத்து அறையிலிருந்து கேட்பாள். அம்மா போன் செய்தால் எடுக்காத பிள்ளை, எமுலேட்டருக்குத் தானே கால் போட்டு, தானே எடுத்து, தானே கட் பண்ணிக்கொண்டிருப்பான்.

"கால் வந்தா ஆப் க்ராஷ் ஆகுதான்னு பாக்கணும்மா!"

ஒருநாள் ஆப் வெளியானது. விருதுநகரிலிருந்து சித்தப்பா அழைத்தார். உள்ளே போகவே முடியவில்லையாம்.

"என் மெஷின்ல ஓடுதே, சித்தப்பா!"

விசாரித்ததில், கண் தெரியவில்லை என்று சித்தப்பா எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்திருந்தார். லாகின் பட்டன் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. மெமரி முழுக்கக் காலை வணக்கப் படங்கள். பிள்ளையார் மட்டும் நானூறு தேறுவார். ஒன்றைக்கூட அழிக்க மனம் வராது, சாமி குத்தம்.

தம்பி அன்றிரவே ஏழாவது எமுலேட்டரை உருவாக்கினான். எழுத்து பெரிது, மெமரி குறைவு, பெயர் 'சித்தப்பா'. பட்டனை ஏற்றி வைத்து, விடிய விடியச் சோதித்தான். அதில் ஆப் அருமையாக ஓடுகிறதாம். விருதுநகர் சித்தப்பாவுக்கு அப்டேட் இன்னும் இறங்கவில்லை. மெமரியில் இடமில்லை.