பாயிண்ட் முதலாளி

கோவையில் மோட்டார் உதிரிபாகப் பட்டறை நடத்துகிறவர் அவர். செப்புக் கம்பி விலையில் கிலோவுக்கு ஐம்பது பைசா குறைக்க முக்கால் மணி நேரம் போனில் மன்றாடுவார். லாரி வாடகையில் நூறு ரூபாய் கூடிவிட்டால் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காது. இப்படிப்பட்டவர், வங்கியின் ரிலேஷன்ஷிப் மேனேஜர் கறுப்பு உலோகத்தில் செய்த பிசினஸ் கிரெடிட் கார்டைப் பட்டுத்துணி விரித்த பெட்டியில் வைத்து நீட்டியதும், ஆண்டுக் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். பாயிண்ட் முதலாளி பிறப்பது அந்த நிமிடத்தில்தான். அதன்பின் ஓட்டலில் பில் வந்தால் கார்டை மேஜைமேல் சற்று உயரத்திலிருந்தே போடுவார். உலோகம் எழுப்பும் ஓசை பக்கத்து மேஜைக்கும் கேட்க வேண்டும் அல்லவா? ‘கணக்குத் தெரியாத மனிதர்’ என்று இவரைத் தள்ளிவிடுவது தவறு. கணக்கில் அவர் புலி. ஆனால் இந்தக் கார்டின் கணக்கை மட்டும் வரவுப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார், அதிலும் உண்மையான வரவை விட்டுவிட்டு.

அவர் பாணியிலேயே எழுதிப் பார்க்கலாம். ஆண்டுக் கட்டணம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 11,800. நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் மதிப்புள்ள பாயிண்ட் கிடைக்கிறது, மாதம் ஒரு லட்சம் தேய்க்கிறார் என்றால் ஆண்டுக்கு 12,000. பன்னிரண்டு லட்சத்தைப் புரட்டி எடுத்ததில் மிச்சம் 200 ரூபாய். “ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியில் கழித்துக்கொள்ளலாமே” என்பார் ஆடிட்டர். சரி, கழிக்கட்டும், மிச்சம் 2,000. ஆனால் அவருடைய பெரிய செலவுகளான கூலி, வாடகை, டீசல், வரி ஆகியவற்றில் சிலவற்றைக் கார்டில் கட்டவே முடியாது. மற்றவற்றுக்குப் பல கார்டுகள் பாயிண்ட் தருவதில்லை. மீதியிருக்கும் சரக்குக் கொள்முதலைக் கார்டில் கொடுக்கப் போனால் டவுன்ஹால் பக்கத்துக் கடைக்காரர், “கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேர்த்துப் போடோணுங்க” என்கிறார். உடனே பணம் அனுப்பினால் அதே கடைக்காரர் இரண்டு சதவீதம் கேஷ் டிஸ்கவுண்ட் தருவார். ஆக, லட்ச ரூபாய் சரக்கில் நாலாயிரத்தை விட்டுக்கொடுத்து ஆயிரம் ரூபாய் பாயிண்டைக் கைப்பற்றுகிறார் முதலாளி. ஐம்பது பைசாவுக்கு மன்றாடிய வாய் அப்போது எங்கே போனதோ!

‘கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்களே’ என்று அவர் தரப்பிலிருந்து மறுப்பு வரும். செய்கிறார்கள்தான், ஆண்டுச் செலவு ஓர் எல்லையைத் தாண்டினால். அந்த எல்லைக்குக் கொஞ்சம் குறைகிறது என்பதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் ஏசி கடைசி மாதத்தில் திடீரென்று பழசாகிவிடுகிறது. ‘பாயிண்டை விமான மைலாக மாற்றினால் மூன்று மடங்கு மதிப்பு’ என்பது அடுத்தது. பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டின் விலையை வைத்துப் போடும் கணக்கு அது. ரயிலில் ஏசி மூன்றடுக்குக்கே யோசிக்கிற மனிதர், தான் ஒருநாளும் காசு கொடுத்து வாங்கியிராத டிக்கெட்டின் விலையை லாபத்தில் எழுதிக்கொள்வது நியாயமா? இலவச கோல்ஃப் ஆட்டங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்த மட்டையை எந்தக் கையில் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் பாக்கி என்பது மனப்பாடம். லவுஞ்ச் விஷயம் இன்னும் சுவையானது. சென்னைக்கு ஒரு மணி நேரம் பறக்க, மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் ஆஜர். வாசலில் இரண்டு ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்து, இலவச இட்லி சாப்பிட்டு, வீட்டுக்குப் படமும் அனுப்பியாயிற்று. முந்தைய மூன்று மாதங்களில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான் உள்ளே வரலாம் என்று வங்கிகள் இப்போது நிபந்தனை போடுவதால், அந்த இட்லிக்கு முன்கூட்டியே உழைக்கவும் வேண்டியிருக்கிறது.

அப்படியானால் கார்டு வெறும் ஏமாற்றா என்றால், அதுவும் இல்லை. ஒரே ஒரு சலுகைக்கு உண்மையான காசு மதிப்பு உண்டு: வட்டியில்லாத தவணை. வாங்கிய நாளைப் பொறுத்து இருபதிலிருந்து ஐம்பது நாள்வரை, சராசரியாக முப்பத்தைந்து நாள், வங்கியின் பணம் அவர் தொழிலில் சும்மா ஓடுகிறது. ஓவர்டிராஃப்டுக்கு 12 சதவீத வட்டி கட்டுகிறவருக்குப் பன்னிரண்டு லட்சத்தில் இது ஆண்டுக்குச் சுமார் 13,800 ரூபாய். பாயிண்ட், இட்லி, கோல்ஃப் எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை இது. இதை அவர் யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டதில்லை. சொன்னால், மாதாமாதம் கடன் வாங்குகிறார் என்று அர்த்தமாகிவிடும். அவர் வளர்ந்த வியாபார உலகில் அது தலைகுனிவு. அந்தக் கடனுக்கே மரியாதை, தகுதி, அழைப்பிதழ் என்றெல்லாம் உடை உடுத்தி விற்பதுதான் வங்கியின் சாமர்த்தியம். உடைக்கு மயங்கிய முதலாளிக்கு உள்ளே இருக்கும் ஆளைத் தெரியவில்லை. கெடு தேதியில் முழுத் தொகையும் கட்டாமல் போனால் அந்த ஆள் வெளியே வருவார். மாதத்துக்கு 3.75 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 45; வாங்கிய நாளிலிருந்தே வட்டி, அதன் மேல் ஜிஎஸ்டி. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்துவிட்டது.

இத்தனைக்கும் நம் முதலாளி இதுவரை மாட்டியதில்லை. காரணம் அவருடைய சாமர்த்தியம் அல்ல, ஆபீஸில் இருக்கும் கணக்குப்பிள்ளை. கெடு தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட்டு, இரண்டு நாள் முன்னதாகவே, “முதலாளி, கார்டுக்குப் பணம் போடோணுங்க” என்று நச்சரிப்பவர் அவர். அந்த 13,800 ரூபாயும் அவர் ஈட்டித் தருவதுதான். கூடுதலாகக் கிடைத்த ஆட்-ஆன் கார்டோ முதலாளியின் மைத்துனருக்குப் போய்விட்டது.