பட்டமளிப்புக் கைக்கடிகாரம்: 904, 916, ராகுகாலம் குறித்த ஓர் ஆய்வுரை

பட்டம் பெறும் பிள்ளைக்குக் கைக்கடிகாரம் வாங்கித் தருவது நேரம் பார்ப்பதற்காகத்தான் என்னும் கொள்கை அறிஞர் சிலரிடையே இன்னும் உயிரோடு இருக்கிறது. இக்கட்டுரை அதை மறுக்க எழுந்தது. களம், ஜார்ஜ்டவுன் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வரவேற்பறை. தரவுகள், தே தாரிக்கும் முறுக்குமாக அங்கே நடந்த தொடர் அமர்வுகள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கப்போகும் மகளுக்கு, கூட்டுச் சீட்டு எடுத்த பணத்தில் ஒரு நல்ல வாட்ச். தேர்வுக் குழு: அப்பா, அம்மா, பாட்டி, மாமா. மகளுக்குக் குழுவில் இடமில்லை. கட்டப்போகிறவரின் விருப்பம் ஆய்வின் நடுநிலையைக் கெடுத்துவிடும் என்பது காரணம். ஆய்வு அறம் கருதிப் பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன. சொந்தக்காரர்களுக்கு யார் என்று தெரிந்துவிடும். அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

முதலில் முன்னோர் மரபு. நினைவுப் பரிசாகக் கடிகாரம் கொடுப்பது இந்தப் பினாங்குத் தீவுக்குப் புதிதல்ல. கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகே நிற்கும் மணிக்கூண்டுதான் இத்துறையின் மூல ஆவணம். விக்டோரியா மகாராணி அரியணை ஏறி 60 ஆண்டு ஆனதை முன்னிட்டு, 1897-இல் சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் தம் கைப்பணத்தில் எடுத்துக்கொண்ட காரியம் அது. ஆண்டுக்கு ஓர் அடி என்று கணக்கு வைத்து 60 அடி உயரம். மகாராணி 1901-இல் கண்மூடினார். மணிக்கூண்டு முடிந்தது 1902-இல். இதிலிருந்து இரண்டு விதிகளைப் பெறுகிறோம். பரிசுக் கடிகாரத்தின் அளவு பெறுபவரின் தேவையைப் பார்த்து அமைவதில்லை, கொடுப்பவரின் அந்தஸ்தைப் பார்த்தே அமைகிறது என்பது ஒன்று. அது உரிய நாளுக்கு வந்து சேராது என்பது மற்றொன்று. எல்லாரும் ஆசைப்படும் சுவிஸ் மாடல்களுக்கு இன்றும் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருப்பதால் இரண்டாம் விதி நூறாண்டு கடந்தும் செல்லுபடியாகிறது.

துல்லியவாதக் கட்சிக்கு மாமா தலைவர். பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலையொன்றில் ஷிஃப்ட் பார்த்தே தலை நரைத்தவர். அவர் வாதம் வருமாறு: குவார்ட்ஸ் வாட்ச்சுக்குள் இருக்கும் சின்னக் கல் வினாடிக்கு 32,768 தடவை அதிரும், அதைப் பதினைந்து முறை பாதி பாதியாக வெட்டினால் மிச்சம் சரியாக ஒன்று, அந்த ஒன்றுதான் ஒரு வினாடி. மலிவான குவார்ட்ஸ்கூட மாதத்துக்குப் பதினைந்து வினாடி அளவில்தான் தப்பும். பல்சக்கரமும் சுருள்வில்லும் வைத்த சுவிஸ் வாட்ச்சுக்கோ, க்ரோனோமீட்டர் சான்றிதழ் வாங்கிய பிறகும் ஒரு நாளைக்கு 4 வினாடி பின்தங்கவும் 6 வினாடி முந்தவும் அனுமதி உண்டு. மாதக் கணக்கில் மூன்று நிமிடம்வரை போகலாம். ஆக, விலை ஏற ஏறத் தப்பு செய்யும் உரிமையும் ஏறுகிறது. (இதே விதி வேறு சில துறைகளிலும் உண்டு, அவை நம் ஆய்வு எல்லைக்கு வெளியே.) உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை சீக்கோ 1969-இல் விற்பனைக்கு விட்டபோது விலை 450,000 யென், அன்றைக்கு ஒரு காரின் விலை. நம் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதே 1969-இல்தான் என்று மாமா எடுத்துக்காட்டி, சீக்கோவே பொருத்தம் என்றார். குழு அதைத் தற்செயல் என்று தள்ளியது.

அப்பாவின் உரை சுருக்கமானது: "பிடிபிடிஎன் கடன் இன்னும் அப்படியே கெடக்கு." முதல் வகுப்பில் தேறியிருந்தால் அந்தக் கல்விக்கடனிலிருந்து விலக்குக் கேட்டிருக்கலாம். மகள் இரண்டாம் வகுப்பின் மேல்நிலை. இதை நினைவூட்டியதும் அமர்வு சிறிது நேரம் ஒத்திவைக்கப்பட்டது.

ஆய்வின் உச்சம் கர்னி டிரைவ் பேரங்காடியில் நிகழ்ந்தது. கண்ணாடி மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கையுறை போட்ட விற்பனைப் பெண் ஒரு ரோலக்ஸை வெல்வெட் தட்டில் வைத்து, உலோகத்தைப் பற்றி விளக்கும்போது "நைன் ஓ ஃபோர்" என்றாள். அம்மாவின் முகம் மலர்ந்தது. மலேசியாவில் தங்கநகை வாங்கிப் பழகிய எந்தத் தாய்க்கும் மூன்று இலக்கம் என்றால் அது 916, அதாவது 22 கேரட். "904-ன்னா பன்னெண்டுதானே கொறச்சல், பரவால்ல" என்று மாமாவின் காதில் கணக்கை முடித்துவிட்டார். 904 என்பது தங்கத்தின் தரமல்ல. துருப்பிடிக்காத எஃகில் ஒரு வகையின் பெயர். இரும்போடு குரோமியமும் நிக்கலும் தாராளமாகச் சேர்ந்தது, உப்புக்காற்றையும் வியர்வையையும் நன்றாகத் தாங்கும். பினாங்குக்கு அதைவிடப் பொருத்தமான உலோகம் கிடையாது. மாமா இதை மெல்ல எடுத்துச் சொன்னார்.

"எவர்சில்வரா? எவர்சில்வருக்கா இவ்ளோ வெள்ளி?"

சட்டென்று தங்கத்தில் செய்த மாடல் தட்டுக்கு வந்தது. அது 18 கேரட். ஆயிரத்துக்கு 750 பங்கு. விலையோ ஒரு புது மைவி காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு மேற்கொண்டும் போகும். அம்மா அதைக் கையில் எடுக்கவே இல்லை. கேம்பல் ஸ்திரீட் நகைக்கடையில் இதில் கால்வாசி விலைக்கு 916-இல் சங்கிலி எடுக்கலாம், முடை வந்தால் அடகுக்கடையில் வைக்கலாம், அங்கே தராசில் நிறுப்பார்களே தவிர யாரும் பெட்டியும் உத்தரவாத அட்டையும் கேட்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். இதற்குச் சுவிஸ் தரப்பில் இன்றுவரை மறுப்பு வரவில்லை. என்னிடம் கேட்டால், மொத்த ஆய்விலும் ஓட்டையில்லாத வாதம் இது ஒன்றுதான்.

கடையை விட்டு வெளியே வரும்போது பாட்டி கண்ணாடிப் பேழையைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார்: "ஏன் எல்லாமே பத்து பத்துல நிக்குது?" முள் இரண்டும் சீராக விரிந்து கம்பெனிப் பெயரை மறைக்காமல் இருக்கத்தான் என்பது உலக வழக்கு. பாட்டிக்கு அது போதவில்லை. அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை. கடை முழுக்க ராகுகாலத்தைக் காட்டும் வாட்ச்சில் எதை வாங்குவது?

இங்கே வானியலைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. ராகுகாலக் கணக்கு, சூரியன் ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துப் போட்டது. பினாங்கு ஏறத்தாழ 100.3 பாகை கிழக்கில் கிடக்கிறது. சூரியனை மட்டும் நம்பினால் இவ்வூர் கிரீன்விச்சுக்கு 6 மணி 41 நிமிடம் முன்னே இருக்க வேண்டும். ஆனால் அரசு நேரம் 1905-இல் 7 மணி, 1933-இல் 7.20, 1941-இல் 7.30 என்று ஏறிக்கொண்டே வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமாகி 9 மணியைத் தொட்டு, போருக்குப் பின் 7.30-க்கு இறங்கியது. சபா, சரவாக்கோடு ஒன்றாவதற்காக 1982 ஜனவரி 1-இல் தீபகற்பம் முழுவதும் அரை மணி முன்னே தள்ளப்பட்டு, இன்றைய 8 மணி நிலைத்தது. அந்தப் புத்தாண்டு இரவில் பதினொன்றரை அடித்ததும் பன்னிரண்டு. ஆகவே பினாங்கில் எந்த வாட்ச்சும், ஐம்பது வெள்ளி கேசியோவானாலும் சரி, சூரியனைவிட ஒரு மணி பத்தொன்பது நிமிடம் முந்தியே ஓடுகிறது. மாமாவின் நாலு வினாடி, ஆறு வினாடிக் கணக்கு இந்த இடத்தில் சாய்ந்தது.

ஆனால் பாட்டிக்கு இதில் வழி பிறந்தது. சூரியன் இங்கே சுமார் ஏழேகாலுக்கு உதிப்பதாக வைத்தால், சனிக்கிழமை ராகு பத்தேகாலுக்குத்தான் பிடிக்கும். பத்து பத்து தப்பித்தது, ஐந்து நிமிட வித்தியாசத்தில். பாட்டி சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: பணம் பத்தேகாலுக்குள் கைமாற வேண்டும். பேரங்காடி திறப்பது பத்து மணிக்கு. சனிக்கிழமை கர்னி டிரைவில் கார் நிறுத்த இடம் தேடியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

இறுதியாக ஜூபா என்னும் பட்டமளிப்பு அங்கி. இதைக் குழுவில் ஒருவரும் கருதவில்லை. மேடையில் சுருளை வாங்க இரு கையையும் நீட்டித் தலை குனிவதுதான் முறை. அந்த நேரத்தில் பட்டமளிப்பு அங்கியின் கை விரல்கணு வரை இறங்கி வந்துவிடும். ஸ்டூடியோவிலோ இடது கையில் பூங்கொத்து, அதோடு பட்டத்தொப்பி போட்ட கரடிப் பொம்மை. ஆக, எந்தப் படத்தில் தெரிவதற்காக வாட்ச் வாங்கப்படுகிறதோ அந்தப் படத்தில் அது தெரியாது. ஃபியட் கார் கம்பெனியை ஆண்ட ஜியானி அன்யெல்லி வாட்ச்சைச் சட்டைக் கைக்கு மேலேயே கட்டிக்கொண்டவர், அதை உலகமே நாகரிகம் என்று ஏற்றது என்று மாமா முன்னுதாரணம் காட்டினார். ஜூபாவுக்கு மேல் கட்டலாமா என்று அம்மா உண்மையாகவே யோசித்தார்.

அப்போதுதான் மகள் முதல்முறையாக வாய் திறந்தாள்: "அதுக்கு அந்தச் செயினையே எடுத்துடுங்கம்மா. கழுத்துல தெரியும்."

ஓட்டுரிமை இல்லாதவர் கூற்று என்பதால் அது அமர்வுக் குறிப்பில் ஏறவில்லை.