மலைப் பேருந்தை மேலே ஏற்றுவது யார்?

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் பஸ் கிளம்பும் முன், நிற்கிறவர்கள் எல்லோரும் டிரைவர் சீட்டைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். "இன்னைக்கு யாரு வண்டி?" என்பது கேள்வி. பதில் பிடித்திருந்தால், "அப்பச் சரி, பத்து மணிக்கெல்லாம் மூஞ்சிக்கல்ல நிப்போம்" என்று ஒருவர் தீர்ப்பு சொல்வார். பிடிக்காவிட்டால், "அவரா? டம்டம் பாறையிலயே பொழுது சாஞ்சிரும்" என்பார். வண்டிக்கு என்ன வயது, டயர் எப்படி இருக்கிறது, கண்டக்டர் யார், கூரையில் எத்தனை மூட்டை ஏறியிருக்கிறது என்று ஒருவரும் விசாரிப்பதில்லை.

பேருந்தின் வெற்றி தோல்வி முழுவதும் ஓட்டுநர் ஒருவரையே சேரும் என்ற இந்த நம்பிக்கைக்கு 'ஓட்டுநர் மையவாதம்' என்று இவ்வாய்வு பெயரிடுகிறது. எதற்காவது பெயர் வைக்காமல் இரண்டாம் பக்கம் போகக் கூடாது என்பது ஆய்வேட்டு மரபு. 'வெற்றி' என்பதையும் வரையறுத்துவிடுவோம்: கடல் மட்டத்துக்கு மேல் சுமார் ஆயிரம் அடியில் ஏறிய பயணிகள் அத்தனை பேரும், அவரவர் சாப்பிட்ட இட்லி அவரவர் வயிற்றிலேயே இருக்க, சுமார் ஏழாயிரம் அடியில் போய் இறங்குவது.

முன்னோர் ஆய்வுகள்

இதே வழக்கு அமெரிக்காவில் பல காலமாக நடக்கிறது. அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் என்று ஒன்று உண்டு; பந்தைக் காலால் உதைப்பது எப்போதாவதுதான். அணிக்குப் பதினொரு பேர். பந்து முதலில் குவார்ட்டர்பேக் என்பவர் கைக்கு வருகிறது. எறிவதா, பக்கத்தில் ஓடுகிறவரிடம் கொடுப்பதா என்று சில நொடிகளில் அவர் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் அவரை மண்ணில் சாய்க்க எதிரணி பாய்கிறது; அவர் அணியில் ஐந்து மலைமனிதர்கள் முன்னால் நின்று மறிக்கிறார்கள். ஆட்டம் ஜெயித்தால் அவர் ஜெயித்தார், தோற்றால் அவர் தோற்றார். அவருக்கென்றே 1973 முதல் ஒரு மதிப்பெண் முறையும் இருக்கிறது. அதில் முழு மதிப்பெண் நூறு கிடையாது, 158.3. நான்கு கணக்குகளைக் கூட்டி, ஆறால் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவது அது. ஐந்து மலைமனிதர்களுக்கு அப்படி ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

மையவாதிகளின் குலதெய்வம் டாம் பிராடி. 2000-ல் நடந்த வீரர் தேர்வில் 199-ஆவது ஆளாகக் கடைசிப் பந்தியில் உட்கார்த்தி வைக்கப்பட்டவர். நியூ இங்கிலாந்து அணிக்கு ஆறு முறை சூப்பர் பவுல் என்னும் சாம்பியன் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். "அது பயிற்சியாளர் பெலிச்சிக்கின் மூளை" என்று மறுதரப்பு முணுமுணுத்துக்கொண்டிருந்தபோதே 2020-ல் டாம்பா பே அணிக்கு மாறினார். அடுத்த பிப்ரவரியில் ஏழாவதையும் வென்றார். வழக்கு முடிந்தது என்று நினைத்தால், மறுதரப்பு டிரென்ட் டில்ஃபரைக் கூண்டில் ஏற்றும். 2001 ஜனவரியில் பால்டிமோர் அணி 34–7 என்று நியூயார்க் ஜயன்ட்ஸை நசுக்கியபோது குவார்ட்டர்பேக் அவர்தான். ஆனால் ஜெயித்தது தடுப்பாட்டக்காரர்களால் என்பது ஊருக்கே தெரியும்; அணிக்கும் தெரிந்திருந்ததால், கோப்பையை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டது. மயாமிக்காகப் பதினேழு பருவம் பந்தெறிந்த டான் மரினோ மேதை என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை. ஒரு சூப்பர் பவுல்கூட அவர் ஜெயித்ததில்லை.

கடல் கடந்து போவானேன்? நம் கபடியிலேயே தடயம் இருக்கிறது. 2022-ல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத் என்ற ரெய்டரை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. புரோ கபடியில் அதுவரை யாருக்கும் அவ்வளவு போனதில்லை. முதல் ஆட்டத்திலேயே அடிபட்டு உட்கார்ந்தவர் அந்தப் பருவத்தில் திரும்பவே இல்லை. தலைவாஸ் ரசிகர்கள் அழுது முடிப்பதற்குள் ஒரு விநோதம் நடந்தது. முந்தைய பருவங்களில் பிளே-ஆஃப் வாசலையே மிதிக்காத அணி, அரையிறுதி வரை போய்விட்டது. நரேந்தர் என்ற இளைஞர் ரெய்டு போனார், சாகர் ராட்டி வகையறா காலைப் பிடித்தார்கள், வேலை நடந்தது. அடுத்த பருவம் தெலுங்கு டைட்டன்ஸ் அதே பவனை 2.60 கோடிக்கு மேல் கொடுத்து வாங்கியது. அவரும் இருநூறு ரெய்டுப் புள்ளிகளுக்கு மேல் குவித்தார். அணி இருபத்திரண்டு ஆட்டத்தில் இரண்டை மட்டும் ஜெயித்துக் கடைசி இடத்தில் நின்றது. இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் மையவாதம் செத்தது என்று பாயைச் சுருட்டலாம். ஆனால் 2017-ல் 369 ரெய்டுப் புள்ளி எடுத்து பாட்னாவுக்குத் தொடர்ந்து மூன்றாவது கோப்பையை வாங்கித் தந்த பர்தீப் நர்வாலை எங்கே ஒளித்துவைப்பது?

களம்

ஆகவே களத்துக்கே போவோம். பழனி மலைத்தொடர் இந்த ஆய்வுக்குப் பொருத்தமானது. பாராட்டைத் தப்பான முகவரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அதற்கு நெடிய பயிற்சி உண்டு. கொடைக்கானல் ஏரியை 1863-ல் லெவிஞ்ச் துரை உண்டாக்கினார் என்று படிக்கிறோம். அவர் மதுரை கலெக்டராக இருந்தவர். மண்வெட்டி பிடித்தவர்கள் வேறு. மலைச் சாலைக்கு மேஜர் லாவின் பெயர். பாறை உடைத்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் கிடையாது. நம் காலத்துக்கு வந்தால், இந்த வட்டாரப் பேருந்துகளின் விலாவில் முதலில் பாண்டியனும் பிறகு ராணி மங்கம்மாளும் பெரிய எழுத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 1997-ல் ராஜாவையும் ராணியையும் அழித்துவிட்டார்கள். ஸ்டீயரிங் பிடித்தவர் பெயர் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.

அறிவியல் முறைப்படி ஒப்பிட்டுப் பார்க்க, ஓட்டுநரே இல்லாத ஏற்றங்களும் வேண்டும். இரண்டு கிடைக்கின்றன. மோட்டார் சாலை வரும்வரை துரைகளும் துரைசானிகளும் பெரியகுளம் பக்கமிருந்து செண்பகனூர் வழியாக டோலியில் ஏறினார்கள். சுமந்தவர்களில் யார் திறமையால் மேலே வந்தோம் என்று எந்தத் துரையும் விவாதித்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது, பழனியில் 1966 முதல் ஓடும் இழுவை ரயில், அதாவது விஞ்ச். இரும்பு வடம் இழுக்கிறது, பெட்டி ஏறுகிறது. ஸ்டீயரிங் இல்லை, வளைவு இல்லை. மேலே போய் இறங்குகிறவர் முருகனைத்தான் கும்பிடுகிறார், விஞ்சுக்காரரைத் தேடுவதில்லை. இதிலிருந்து பெறப்படும் முதல் முடிவு: ஒருவர் ஒரு சக்கரத்தைத் திருப்புவது நம் கண்ணில் பட்டால்தான் புகழ் பிறக்கிறது.

அணி, எதிரணி

காட்ரோட்டில் வலப்பக்க மலையைப் பார்த்தபடி வண்டி திரும்பியதும் ஆட்டம் ஆரம்பம். எதிரணியில் மஞ்சு, சரிந்து கிடக்கும் கல், பெருமாள்மலைக்கு மேல் நடுரோட்டில் நின்று யோசிக்கும் காட்டுமாடு, வெள்ளி அருவியில் செல்ஃபி எடுக்கக் காரை வளைவிலேயே நிறுத்திய குடும்பம். 2024 மே முதல் உயர்நீதிமன்றம் இ-பாஸ் கொண்டுவந்து இந்தக் கடைசி ஆட்டக்காரரைக் கணக்கெடுக்கத் தொடங்கியிருக்கிறது. காட்டுமாட்டுக்குப் பாஸ் தேவையில்லை.

நம் அணியில் கண்டக்டர் முக்கியமான ஆள். கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு லாரி மூக்கை நுழைத்துவிட்டால், படியிலிருந்து குதித்துப் பின்னால் ஓடி, "வரலாம்ணே, வரலாம், இன்னும் வரலாம்… நிப்பாட்டு!" என்று பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் வண்டியை நிறுத்துகிறவர் அவர். அந்த ஒரு முழம் டிரைவருக்குத் தெரியாது. கண்டக்டரின் குரல்தான் தெரியும். ஒரு விசிலுக்கு நின்று இரண்டு விசிலுக்குப் புறப்படுகிற வண்டியில் ஆட்டத்தை நடத்துவது யார் என்று கேட்கத் தோன்றும். மேலும், ஜன்னலோரம் முகம் வெளிறி உட்கார்ந்திருப்பவரை மூன்று வளைவுக்கு முன்பே அடையாளம் கண்டு, "அக்கா, எலுமிச்சம்பழத்த மோந்துக்கங்க. பாப்பாவ இந்தப் பக்கம் மாத்தி உக்கார வைங்க" என்று சொல்லும் தீர்க்கதரிசனத்தை எந்த மதிப்பெண் முறையும் அளப்பதில்லை. நம் வரையறைப்படி வெற்றியின் பாதி அங்கே இருக்கிறது.

போக்குவரத்துக் கழகக் கிளையில் நடப்பது வேறு கணக்கு. அங்கே டிரைவரை லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தார் என்று அளக்கிறார்கள். கண்டக்டரை வசூலால் அளக்கிறார்கள். இரவு முழுக்க வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து பிரேக்கைச் சரிசெய்த மெக்கானிக்கை, ஏதாவது நடந்தால்தான் அளக்கிறார்கள். பயணிகளின் பங்கு சொற்பம். "கதவச் சாத்துப்பா, குளிருது" என்பதற்கு மேல் அவர்கள் ஆட்டத்தில் கலந்துகொள்வதில்லை.

ஏற்றமும் இறக்கமும்

இவ்வாய்வின் சொந்தக் கண்டுபிடிப்பு இனிமேல்தான். இதுவரை வாதிட்ட எல்லோரும் ஓட்டுநரின் பங்கு எவ்வளவு என்றே கேட்டார்கள். எந்தத் திசையில் என்று கேட்கவில்லை.

ஏறும்போது பார்ப்பவருக்குக் கிளர்ச்சியாக இருக்கும். வண்டி முனகுகிறது, கியர் மாறுகிறது, ஸ்டீயரிங்கை டிரைவர் தோளோடு சேர்த்துச் சுற்றுகிறார், எலிவால் அருவியைக் காட்டி அப்பா பிள்ளைக்கு விளக்குகிறார், எல்லோரும் விழித்திருக்கிறார்கள். ஆனால் உண்மையில் அங்கே வேலை செய்வது எஞ்சின். எஞ்சினுக்குத் தெம்பிருந்தால் சுமாரான டிரைவரும் ஏற்றிவிடுவார். தெம்பில்லையென்றால் எப்பேர்ப்பட்ட சூரரும் ஊத்துக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, மாற்று வண்டிக்குக் காத்திருப்பார். ஏற்றத்தில் தப்பு நடந்தால் வண்டி பெரும்பாலும் நின்றுபோகும், அவ்வளவுதான். டில்ஃபர் ஜெயித்தது இந்த வகை ஆட்டம்.

இறக்கத்தில் எஞ்சின் இழுக்க வேண்டியதில்லை, பூமியே இழுக்கிறது. கூரையில் வடுகபட்டி சந்தைக்குப் போகிற மலைப்பூண்டு மூட்டைகளும் பின்னாலிருந்து தள்ளுகின்றன. இப்போது டிரைவர் செய்ய வேண்டியது, ஏறிய கியரிலேயே இறங்குவது. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். மாறாக, காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தால் டிரம் பழுக்கக் காய்ந்து, லைனிங் கருகும் வாடை முதலில் வரும். பிறகு மிதித்தாலும் பிடிக்காது. திரும்பத் திரும்ப மிதித்தால் ஏர் பிரேக்கின் காற்றும் இறங்கும். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை, மலைச்சாலையின் மூடநம்பிக்கைகளிலேயே மிகப் பழையதும் மிக ஆபத்தானதும். மேலே சொன்ன கிளைக் கணக்கு அந்த ஆசையைக் கிளப்பிவிடாமல் இருக்க வேண்டும் என்பது இந்த ஆய்வாளரின் தனிப்பட்ட கவலை.

ஆக, இறக்கத்தில் நல்ல ஓட்டுநர் என்பவர் ஒன்றுமே நடக்காதபடி பார்த்துக்கொள்கிறவர். வேகம் கூடாது, குலுங்காது, யாரும் "ஐயோ" என்று கத்த மாட்டார்கள். அதனால் யாரும் கவனிப்பதும் இல்லை. இறங்கும் பஸ்ஸில் பண்ணைக்காடு பிரிவு தாண்டுவதற்குள் பாதி வண்டி வாய் பிளந்து தூங்கிவிடுகிறது. சட்டமும் ஏறுகிறவர் கட்சிதான்: குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஒதுங்கி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. நியாயமான விதிதான், ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம். ஆனாலும் இறங்குகிறவர் ஓரமாக நின்று அடுத்தவருக்கு வழிவிட்டுவிட்டு, பாராட்டும் இல்லாமல் கீழே வருகிறார்.

மரினோவின் வழக்கையும் பவன் செராவத்தின் வழக்கையும் இந்தக் கோணத்தில் அமெரிக்கர்களும் கபடி வர்ணனையாளர்களும் மறுபடி விசாரிக்கலாம். தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தை ஒருவர் தூக்கி நிறுத்துவது எல்லோர் கண்ணிலும் படும். ஜெயித்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தை உருட்டிவிடாமல் கீழே கொண்டுவந்து சேர்த்த கியரை எந்த மதிப்பெண்ணில் எழுதுவது? பிராடி கெட்டிக்காரர் என்பதற்கு இந்த ஆய்வாளருக்கு ஏழு கோப்பைகள் தேவைப்படவில்லை. முன்னிலையில் இருக்கும்போது பந்தை அவசரப்பட்டு எறியாமல் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைக்கத் தெரிந்திருந்தாரே, அது போதும்.

தீர்ப்பு

ஏற்றத்தில் ஓட்டுநருக்குக் கால் பங்கு. மீதி முக்கால் எஞ்சினுக்கும் மெக்கானிக்குக்கும் கண்டக்டருக்கும். அவர்களுக்குள் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது தொழிற்சங்கங்கள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். இறக்கத்தில் முக்கால் பங்கு ஓட்டுநருக்கே. மொத்தக் கூட்டலில் மையவாதிகளுக்குச் சரிபாதி கிடைக்கிறது. ஆனால் அவர்கள் கைதட்டியது தப்பான பயணத்துக்கு.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது காட்ரோடு வரைக்குமாவது தூங்காதீர்கள். வத்தலக்குண்டில் இறங்கியதும் முன்பக்கம் போய், "நல்லா கொண்டாந்து சேத்தீங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்கு முன், டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்த பாக்கிச் சில்லறையைக் கண்டக்டரிடம் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.